ப்ளாக்டு அக்கவுண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டலாமா? ஜெர்மனியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

பள்ளிபாளையம்_தறி

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணினேன், மாக்டெபர்க் பல்கலையில் அட்மிஷன் வந்துவிட்டது, அக்டோபரில் செமஸ்டர் ஆரம்பம். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழை 18,000 ரூபாய் கட்டி வாங்கிவிட்டேன், ஐ.இ.எல்.டி.எஸ். 6.5 இருக்கிறது, அரசுப் பல்கலை என்பதால் டியூஷன் ஃபீஸ் கிடையாது. இதுவரை எல்லாவற்றையும் நானே பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டேன். இப்போது பணத்தில் வந்து நிற்கிறேன்.

விசாவுக்கு ப்ளாக்டு அக்கவுண்டில் (ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டுவைத்து, அங்கே போனதும் மாசாமாசம் பிரித்து எடுக்கும் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்பதால் பன்னிரண்டரை லட்சம் வாக்கில் வருகிறது. அப்பாவுக்கு விசைத்தறிதான், அதுவும் வாடகைக் கொட்டகையில். கையில் நான்கு லட்சம் இருக்கிறது. மீதியை மாமா தெரிந்த இடத்தில் மூணு வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். "காட்டுவதற்குத்தானே, அங்கே போனதும் மாசாமாசம் உன் பணம் உனக்கே வரும், அதைத் திருப்பி அனுப்பிவிடு, பார்ட் டைம் வேலை செய்து சாப்பிட்டுக்கொள்" என்று சொல்கிறார். ஈரோட்டில் ஒரு ஏஜென்ட் இதையேதான் சொன்னார், கூடவே பெர்லினில் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது, அங்கே போனால் விசா சுலபம் என்றும் சொன்னார்.

இப்படிச் செய்து சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டில் தம்பி பன்னிரண்டாவது படிக்கிறான், அவனுக்கும் அடுத்த வருடம் செலவு வரும்.

எல்பே_கரை

தம்பி, நான் செய்தேன். அதனால்தான் வேண்டாம் என்று சொல்கிறேன்.

2023இல் வந்தேன், அப்போது 11,208 யூரோ, மாதம் 934 விடுவார்கள். (இப்போது உனக்கு 992.) அப்பா ஆறு லட்சத்தை மூணு வட்டிக்குத்தான் வாங்கினார். மாதம் பதினெட்டாயிரம் வட்டி மட்டும், அதாவது அன்றைய கணக்கில் 200 யூரோ வட்டிக்கே போகும், அசலையும் கொஞ்சம் குறைக்கலாம் என்று 400 அனுப்ப ஆரம்பித்தேன். மிச்சம் 534. ஹாஸ்டல் அறை 280, இன்ஷூரன்ஸ் 120 வாக்கில், போன், அறைக்கான ரேடியோ வரி 18.36 என்று போக, நூறு யூரோவுக்குக் கொஞ்சம் கூட, அதில் ஒரு மாதம் சாப்பிட வேண்டும். பார்ட் டைம் கிடைக்கும் என்றுதானே வந்தோம்? ஜெர்மன் மொழியில் ஏ1, அதாவது ஆரம்ப நிலைதான் இருந்தது. அக்டோபரில் வந்தவனுக்கு பிப்ரவரியில்தான் வேலை கிடைத்தது, அதுவும் ஒரு கிடங்கில் ராத்திரி ஷிப்ட். விடிகாலை ஐந்து மணிக்கு வந்து படுத்து ஒன்பது மணி வகுப்புக்குப் போக முடியவில்லை. முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போயிற்று. இங்கே ஒரே பாடத்தைப் பொதுவாக மூன்று தடவைதான் எழுத விடுவார்கள், மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பையே விட்டு அனுப்பிவிடுவார்கள், இது ஊரில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். விசா முதல் சில மாதங்களுக்கு அல்லது ஒரு வருடத்துக்குத்தான். வந்த பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் ரெசிடென்ஸ் பெர்மிட் வாங்க வேண்டும், அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அடுத்த வருடச் செலவுக்கு என்ன வழி என்று மறுபடியும் காட்டச் சொல்வார்கள். மாசாமாசம் திருப்பி அனுப்பியவனுக்குக் கணக்கில் என்ன இருக்கும்? அப்பா மறுபடியும் கடன் வாங்கினார். அந்த போன் காலை நான் மறக்கவே மாட்டேன்.

இப்போது நன்றாக இருக்கிறேன், படிப்பு முடியப்போகிறது, ஒரு கம்பெனியில் வாரம் 20 மணி நேரம் வெர்க்ஸ்டூடன்ட் வேலை (படித்துக்கொண்டே பார்க்கும் வேலை). ஆனால் அது மூன்றாவது செமஸ்டரில்தான் கிடைத்தது, ஜெர்மன் பி1 (நடுத்தர நிலை) முடித்த பிறகு. முதல் வருடத்தை வேலையை நம்பிப் போடாதே.

நாமக்கல்_அப்பா

என் மகள் இரண்டு வருடம் முன்பு போனாள், பணம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றது எனக்குத் தெரியாது.

தம்பி, ஃபீஸ் இல்லாத படிப்புக்கு பேங்க் லோன் தரமாட்டார்கள் என்று நினைத்து நீங்கள் பேங்க் பக்கமே போகவில்லை என்று தோன்றுகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்விக் கடனில் தங்கும் செலவும் சேரும், ப்ளாக்டு அக்கவுண்ட் பணம் அந்தக் கணக்கில்தான் வரும். எங்கள் கிளை மேனேஜருக்கு அந்த வார்த்தையே புதிதாக இருந்தது, தூதரகத்தின் விசா செக்லிஸ்டை அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு வட்டார அலுவலகத்தில் கேட்டுச் சொன்னார். முதல் வருடத் தங்கும் செலவை ஒரே தவணையில் ப்ளாக்டு அக்கவுண்டுக்கு அனுப்புவோம் என்று சாங்ஷன் லெட்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் செமஸ்டருக்குக் கொஞ்சம் என்று பிரித்துத் தருவதாகச் சொல்வார்கள், அது விசாவுக்கு உதவாது.

ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் அரசு வங்கிகள் பெரும்பாலும் சொத்துப் பத்திரம் கேட்கும். உங்களிடம் நான்கு லட்சம் இருக்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் ஏழரைக்குள் லோன் கேட்டு மீதியைக் கையிலிருந்து போடப் பாருங்கள், பத்திரம் வைக்காமல் முடிய வாய்ப்பு இருக்கிறது. நான் வீட்டைத்தான் வைத்தேன், வில்லங்கச் சான்று, வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீடு என்று ஆறு வாரம் ஓடிவிட்டது. வீடு உங்கள் தாத்தா பெயரிலேயே இருந்தால் இன்னும் இழுக்கும். படிப்பு முடிந்து கொஞ்ச காலம் வரை தவணை கட்டத் தேவையில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும், முடிந்தால் அந்த வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள்.

லோன் பணத்தை பேங்க் நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே பிடிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள். சொந்தப் பணத்தில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பினால்தான் பிடிப்பார்கள், அதையும் வருமான வரிக் கணக்கு போடும்போது திரும்பக் கேட்கலாம்.

மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். எந்த பேங்க்கும் அதில் பாதிகூட வாங்காது.

ஸ்டுட்கார்ட்_அக்கா

ஏஜென்ட் விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் நான் சொல்கிறேன். அரசுப் பல்கலை எந்த ஏஜென்ட்டுக்கும் பணம் தருவதில்லை. தனியார் கல்லூரிகள் ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் தருகின்றன. கையில் மாக்டெபர்க் அட்மிஷன் வைத்திருப்பவனிடம் வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் ஃபீஸ் வாங்கும் இடத்துக்குப் போ என்று ஒருவர் சொன்னால், அவர் உன் நல்லதுக்குச் சொல்லவில்லை. அங்கே போனாலும் அதே 11,904 காட்டத்தான் வேண்டும், ஃபீஸ் அதற்கு மேலே.

ஊர் விஷயத்தில் உனக்கு நல்லது நடந்திருக்கிறது. நான் இருக்கும் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இந்திய மாணவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ ஃபீஸ் உண்டு. மியூனிக் டெக்னிகல் யூனிவர்சிட்டியும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது, மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு நான்காயிரம் முதல் ஆறாயிரம் யூரோ. அங்கே ஒரு சின்ன அறைக்கே 700, 800 கேட்கிறார்கள், 992 வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? மாக்டெபர்க் மாதிரி கிழக்குப் பக்க ஊர்களில் ஸ்டூடன்ட்வெர்க் (மாணவர் நல அமைப்பு) ஹாஸ்டல் கிடைத்தால் 300 வாக்கில் முடிந்துவிடும். விசா வரட்டும் என்று காத்திருக்காதே, இன்றைக்கே ஹாஸ்டலுக்கு அப்ளை பண்ணு.

இப்போது எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். ப்ளாக்டு அக்கவுண்ட் பணம் இறங்கிய அன்றே கைக்கு வராது. அறை எடுத்து, டவுன் ஆபீசில் முகவரி பதிந்து, இங்கே ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறந்து, அப்புறம்தான் முதல் 992 வரும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்றால் ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் அறைக்கு டெபாசிட், முதல் மாத வாடகை, செமஸ்டர் பணம் (டியூஷன் ஃபீஸ் இல்லாவிட்டாலும் இது உண்டு, ஊருக்கு ஊர் 100 முதல் 400 வரை), பெர்மிட்டுக்கு 100 யூரோ, பாத்திரம், போர்வை என்று எல்லாம் வந்து நிற்கும். தனியாக 1,500 யூரோவாவது ஃபாரெக்ஸ் கார்டில் இருக்க வேண்டும். பன்னிரண்டரை லட்சம் என்று போட்ட கணக்கை, டிக்கெட், விசா கட்டணம் 75 யூரோ எல்லாம் சேர்த்து பதினைந்து என்று திருத்திக்கொள். ஹெல்த் இன்ஷூரன்ஸ் இப்போது மாதம் 145, 150 வந்துவிட்டது, அதையும் 992க்குள்தான் கட்ட வேண்டும்.

வேலைக்கு வருடத்தில் 140 முழு நாள் அனுமதி உண்டு. 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90, மினிஜாப் (சம்பளத்துக்கு மாத உச்சவரம்பு உள்ள சின்ன பார்ட் டைம் வேலை) என்றால் மாதம் 603 யூரோ வரை. கேட்க நன்றாக இருக்கும், மொழி தெரியாமல் அந்த 603 வருவதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். இன்டெல் தொழிற்சாலை வருகிறது, மாக்டெபர்க்கில் வேலை கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, 2025 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள்.

விசா மறுத்தால் கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை முதல் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது புதிதாக அப்ளை பண்ண வேண்டும், இல்லை பெர்லின் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதனால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லக்கூடிய மாதிரி வைத்துக்கொள்.

பள்ளிபாளையம்_தறி

எல்லாருக்கும் நன்றி. எல்பே_கரை அண்ணா, உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கழித்து மாமாவுக்கு போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இன்று பேங்க் போனோம். நாமக்கல் சார் சொன்ன மாதிரி செக்லிஸ்டைக் காட்டினேன், ஏழரை லட்சத்துக்குக் கேட்டிருக்கிறோம், அட்மிஷன் லெட்டரும் மார்க் ஷீட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ஆனால் நான்கும் ஏழரையும் சேர்த்தால் பதினொன்றரைதான், அக்கா சொன்ன பதினைந்துக்கு இன்னும் மூன்றரை குறைகிறது. லேட் ஆனால் சீட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா?

எல்பே_கரை

பெரும்பாலும் தள்ளிவைக்க முடியாது, மறுபடியும் அப்ளை பண்ண வேண்டியிருக்கும். ஆனால் ஒரு தடவை கிடைத்த இடத்தில் அதே மார்க்குக்கு மறுபடி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஏ.பி.எஸ். சான்றிதழும் செல்லும். வேலையை இன்னும் விடவில்லை என்றால் விடாதே. ஒரு வருடம் சம்பளத்தைச் சேர்த்து, சாயங்காலம் ஜெர்மன் பி1 வரை முடித்துவிட்டு வந்தால், நான் மூன்றாவது செமஸ்டரில் வந்து நின்ற இடத்தில் நீ முதல் செமஸ்டரிலேயே நிற்பாய். முதலில் திங்கட்கிழமை பேங்க்கில் என்ன சொல்கிறார்கள் என்று பார், இங்கே வந்து எழுது.