மறு: டீசல் டர்போ ட்யூனிங்குக்குத் தமிழ்ச் சொல் - ‘முறுக்கேற்றம்’னு வச்சா என்ன?

வணக்கம் எல்லாருக்கும்.

டீசல் டர்போ எஞ்சினை கம்பெனி வச்ச அளவுக்கு மேல ஏத்துற ட்யூனிங்குக்குத் தமிழ்ல ஒரு சொல்லு தேடுற இந்த இழை நீண்டுகிட்டே போவுது, சொல்லு மட்டும் வந்து சேரல. (டர்போன்னா வெளிய போற புகையோட வேகத்துல சுத்தி, எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற விசிறி.) நான் இருக்கறது பீடோர், மலேசியாவுல பேராக் மாநிலம், சுத்திலும் செம்பனைத் (ஆயில் பாம்) தோட்டம். இங்க எங்க பாத்தாலும் ஃபோர் வீல்தான், ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ், அந்தாண்ட கேமரன் மலைப் பக்கம் போனா பழைய லேண்ட் ரோவர்கூட இன்னும் காய்கறி ஏத்திக்கிட்டு ஓடுது. போர்மேன் கடையில, அதாவது வண்டி ரிப்பேர் பண்ற பட்டறையில, ட்யூனிங் பேச்சு தெனம் காதுல விழுறது, அதனால நீங்க எல்லாம் இங்க போடுற சொல்லைக் கொண்டுபோயி அங்க சொல்லிப் பாத்து, யாரு என்னா முகம் காட்டுறாங்கன்னு பாக்கறதே எனக்கு ஒரு வேலையாப் போச்சி.

> “எஞ்சின் திறன் மேம்பாடு” என்று எளிதாகச் சொல்லலாமே, புதிதாக எதற்கு?

சென்னை அண்ணே, கோவிச்சிக்காதீங்க. திறன் மேம்பாடுன்னா ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது பசங்களுக்கு நடத்துற பயிற்சி வகுப்பு, சான்றிதழ், மத்தியானம் பொட்டலச் சோறு. கடையில சொன்னேன், “எஞ்சினுக்கு சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா”ன்னு கேட்டு சிரிச்சிட்டாங்க. அந்தச் சொல்லை வேற வேலை ஏற்கெனவே பிடிச்சிக்கிச்சி, இனிமே அதை மீட்க முடியாது.

> வலுவூட்டல் என்று சொன்னால் என்ன குறை?

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுலதான் நம்ம மூனு ஊருக்காரங்களும் முட்டிக்கப் போறோம். பவருக்குத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல திறன், எனர்ஜிக்கு ஆற்றல். இலங்கையில பவருக்கு வலு, எனர்ஜிக்கு சக்தி, குதிரைத்திறனையே அவங்க பரிவலுன்னுதான் எழுதுறாங்க. எங்க தமிழ்ப்பள்ளி அறிவியல்லயும் எனர்ஜிக்கு சக்திதான். இப்போ ஒருத்தர் ஆற்றல் கூட்டல்னு வைக்கிறாரு, இன்னொருத்தர் சக்தியேற்றம்ங்கிறாரு, ரெண்டுமே பவரை விட்டுட்டு எனர்ஜிக்குப் போயிடுச்சி. வலுன்னு வச்சா மதுரைக்காரருக்கு அது ஒடம்பு பலம். ஆகக்கூடி பவருங்கிற கருத்தை வச்சி எந்தச் சொல்லு கட்டுனாலும் ஒரு நாட்டுலதான் நிக்கும், கடல் தாண்டாது.

சுருதி சேர்த்தல்னு சிங்கப்பூர் அக்கா போட்டது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்தது, அழகான சொல்லு. ஆனா அக்கா, சுருதி சேக்குறதுன்னா எறங்கிப்போன தம்பூராவ இருக்க வேண்டிய எடத்துக்குத் திரும்பக் கொண்டு வர்றது. பழைய காலத்துல ட்யூன் அப்னு சொல்வாங்க பாருங்க, வால்வு இடைவெளி பாக்கறது, ஃபில்டர் மாத்தறது, பம்ப் டைமிங் சரி பண்றது, வண்டி புதுசா வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கறது, அதுக்கு சுருதி சேர்த்தல் கச்சிதமா பொருந்தும், அதுக்கே எடுத்து வச்சிக்குவோம். இது அப்படி இல்ல. கம்பெனிக்காரன் நிறுத்துன எடத்துலேந்து மேல ஏத்துறது. அதுவுமில்லாம கடையில “சுதி ஏத்தணும்”னு நான் சொன்னா அவங்க சாயந்தரம் எந்தக் கடைன்னு கேக்குறாங்க லா.

சரி, உள்ள என்னாதான் நடக்குதுன்னு பாத்துட்டு சொல்லு தேடுவோம், ஏன்னா இந்த இழையில பாதி சொல்லு வண்டி மூடியத் தொறக்காமலே பொறந்த மாதிரி இருக்கு.

டீசல் எஞ்சின்ல பெட்ரோல் மாதிரி காத்தை அடைச்சித் தொறந்து வேகத்த ஆளுறது கெடையாது, காத்து பாட்டுக்கு உள்ள போவும், எவ்வளவு டீசல் பீச்சுறோமோ அதுதான் கணக்கு. டீசல் கூடுனா ஒவ்வொரு வெடிப்புலயும் பிஸ்டன் மேல அழுத்தம் கூடும், அது பிஸ்டன் சுத்த வைக்கிற கிராங்க் தண்டுல திருகலா வரும். அந்தத் திருகல்தான் டார்க், முறுக்குவிசை. பவர்ங்கிறது தனியா ஒரு பொருள் இல்ல, முறுக்குவிசையை சுழற்சி வேகத்தால பெருக்குனா வர்றது. கணக்கு வேணும்னா நியூட்டன் மீட்டரை (முறுக்குவிசையோட அலகு) ஆர்பிஎம்மால (நிமிசத்துக்கு எத்தனை சுத்துன்னு கணக்கு) பெருக்கி 9549ஆல வகுத்தா கிலோவாட் கெடைக்கும். 2000 ஆர்பிஎம்ல 400 நியூட்டன் மீட்டர் தர்ற எஞ்சின் அந்த எடத்துல 83.8 கிலோவாட், 114 பிஎஸ் (குதிரைத்திறன்) சுமாரு. அதையே 460க்கு ஏத்துனா 96 கிலோவாட், 131 பிஎஸ். பாருங்க, நம்ம ஏத்துனது முறுக்கைத்தான், குதிரை அதுக்குப் பின்னாடி தானா வந்துச்சி. தோட்டத்துல சேத்துல பொதைஞ்ச வண்டிய இழுத்து வெளிய கொண்டாறவனுக்கு 3500 ஆர்பிஎம்ல எத்தனை குதிரைன்னு கவலை இல்ல, 1600லேந்து 2000க்குள்ள எவ்வளவு முறுக்குன்னுதான் கேப்பான்.

அதனால என் ஓட்டு முறுக்கேற்றம். வினையா சொன்னா முறுக்கேற்று, பேச்சுல முறுக்கேத்து. முறுக்கேறுன ஒடம்புன்னு சொல்றோம், சண்டைக்கு முறுக்கேத்தி விட்டான்னு சொல்றோம், சும்மா இருந்தவன உசுப்பி அவன் தாங்குற அளவுக்கு மேல கொண்டு போறதுன்னு அர்த்தம் அதுலயே இருக்கு. முறுக்கு டார்க்குக்கும் நேராப் போவுது, முறுக்குவிசைன்னு சொன்னா எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவருக்கும் திருகுறதுதான்னு புரிஞ்சிடும். கடையில “வண்டிய முறுக்கேத்தி குடுங்க”ன்னு சொன்னேன், யாரும் சிரிக்கல, “எவ்ளோ”ன்னு கேட்டாங்க. எனக்கு அது போதும்.

இன்னொன்னு, இந்தச் சொல்லு பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் சேந்தாப்ல ஓடும். எஞ்சின் கம்ப்யூட்டர்ல இருக்குற எண்களை மாத்துற ரீமேப்புக்கு மறுவரைபடம்னு ஒருத்தர் வச்சாரே, அது கம்ப்யூட்டர் வண்டிக்கு மட்டும்தான். முந்தி எப்படிப் பண்ணாங்க? லேண்ட் ரோவர் 300 டிடிஐ எஞ்சின்ல இருக்கறது போஷ் விஇ டீசல் பம்ப், மெக்கானிக்கல். அதுல முழுச் சுமை டீசலுக்குன்னு ஒரு ஸ்குரு, அதை ஸ்பேனர் வச்சி கொஞ்சம் உள்ள முடுக்குனா டீசல் கூடும், டர்போ அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி டீசலை ஏத்தி எறக்குற ஒரு டயஃப்ரமும் ஊசியும் மேல இருக்கும், அதையும் திருப்பி வப்பாங்க, டர்போவுக்குப் போற புகையில கொஞ்சத்தை வெளிய விடுற வேஸ்ட்கேட்டோட தண்டை சரி பண்ணி பூஸ்ட்டை, அதாவது டர்போ குடுக்குற காத்தழுத்தத்தை, கொஞ்சம் கூட்டுவாங்க. லேப்டாப்பும் இல்ல ஒன்னும் இல்ல, காதும் புகையும்தான் மீட்டர். அங்க எந்த வரைபடம்? ஆனா முறுக்கேத்துனாங்களா, ஏத்துனாங்க.

இப்போ வர்ற காமன் ரெயில்ல (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவா ஒரே குழாயில டீசலை அழுத்தி வச்சிருக்கிற முறை, அந்தக் குழாய்தான் ரெயில்) அதே வேலையை எண்களா செய்யிறாங்க. எஞ்சினை ஆளுற கம்ப்யூட்டரான ஈசியூவுக்குள்ள நெறைய அட்டவணைங்க இருக்கு: மிதியை இவ்வளவு மிதிச்சா இவ்வளவு முறுக்கு, இந்த வேகத்துக்கு இவ்வளவுதான் உச்சம், இவ்வளவு காத்து வந்தா இவ்வளவு டீசல்தான் புகையில்லாம எரியும், ரெயில் அழுத்தம் இவ்வளவு, பூஸ்ட் இவ்வளவு. இதுல எது கொறைச்ச எண்ணைச் சொல்லுதோ அதுதான் ஜெயிக்கும், அதனால ஒரே ஒரு அட்டவணைய மட்டும் ஏத்திட்டு மத்ததை அப்படியே விட்டா ஒன்னும் மாறாது, காசு குடுத்தவன் முழிப்பான். ஃபைலை வெளிய எடுத்து, மாத்தி, செக்சம் (ஃபைல் சரியா இருக்கான்னு பாக்குற கூட்டு எண்) சரி பண்ணி, திருப்பி ஏத்தணும். இங்கிலீஷ்ல மேப்னு பேரு இருக்கறதால நாம வரைபடம்னு வைக்கணும்னு என்னா தலையெழுத்து, அது சந்தேகமே இல்லாம அட்டவணை. ஆகவே ரீமேப்புக்கு அட்டவணை மாற்று. முறுக்கேற்றம் பெரிய குடும்பப் பேரு, அட்டவணை மாற்று அதுல ஒரு பிள்ளை.

இன்னொரு பிள்ளை இருக்கு, அதுக்குப் பேரு வைக்க யாரும் கை தூக்கல, ட்யூனிங் பாக்ஸ். ரெயில் அழுத்த சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவுல குந்திக்கிட்டு, உண்மையில இருக்குற அழுத்தத்தைவிடக் கொறைச்சி சொல்லும். ஈசியூ பாவம், அழுத்தம் பத்தலையேன்னு பம்ப்பை இன்னும் தூக்கும், அதே நேரம் தொறந்திருக்கிற இன்ஜெக்டர்ல (டீசல் பீச்சுற மூக்கு) டீசல் கூடுதலாப் போவும். இதுக்கு நான் ஏய்ப்புப் பெட்டின்னு வைக்கிறேன். விக்கிறவங்களுக்குப் புடிக்காது, தெரியும். ஆனா அது செய்யிற வேலை அதான். 2000 பாருக்கு (பார்ங்கிறது அழுத்தத்தோட அலகு) மேல ஓடுற ரெயில்ல பொய் சொல்லி அழுத்தத்த ஏத்துறதுக்கு மரியாதையான பேரு வேற என்னா வைக்க? எனக்குத் தனிப்பட்ட முறையில அந்தப் பெட்டி மேல நம்பிக்கை இல்ல, அட்டவணை மாற்றை ஒழுங்கா பண்ணிக்கிட்டா மத்த எல்லையெல்லாம் சேத்துப் பாத்திருப்பாங்க, பெட்டி எதையும் பாக்காது.

எல்லைன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சி. டொயோட்டாவோட 2.8 லிட்டர் 1ஜிடி எஞ்சின் 2015ல வந்தப்ப ஆட்டோ கியருக்கு 450 நியூட்டன் மீட்டர், மேனுவலுக்கு 420. எஞ்சின் ஒன்னுதான், கியர் வேற, உச்சம் வேற. கம்பெனியே முறுக்கைத்தான் புடிச்சி நிறுத்தி வச்சிருக்கான் பாருங்க, பவரை இல்ல. அதே எஞ்சினை 2020ல 500க்கு ஏத்துனப்பவும் மேனுவல் 420லயே நின்னுச்சி. இதைவிட நம்ம சொல்லுக்கு சாட்சி வேணுமா.

> முறுக்கேற்றம் என்றால் எல்லையே இல்லாமல் ஏற்றலாம் என்ற பொருள் வந்துவிடாதா?

நேர்மாறா வரும்னு நெனைக்கிறேன். கயித்தை முறுக்கேத்துனவங்களுக்குத் தெரியும், ஒரு அளவு வரைக்கும் பலம், அதுக்கு மேல அறும். ஒரு கிலோ டீசல் முழுசா எரிய 14.5 கிலோ காத்து வேணும், நடைமுறையில டீசல் எஞ்சினுக்கு அது பத்தாது, காத்து 18 மடங்குக்குக் கீழ எறங்குனா பின்னாடி கறும்புகை கிளம்பிடும். அது பவர் இல்ல, எரியாத காசு. 2024 ஜூன் 10ல தீபகற்ப மலேசியாவுல டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளிலேந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளியாச்சி, அதுக்கப்புறமும் புகை விட்டுக்கிட்டுப் போறதை கெத்துன்னு நெனைக்கிற பசங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. புகையைவிடப் பெரிய ஆபத்து சூடு. கீழ இருக்கற தாப்பாவுலேந்து கேமரன் மலை மேல இருக்கற தானா ராத்தா வரைக்கும் அறுவது கிலோமீட்டர் கிட்ட, கடல் மட்டத்துக்கு மேல 1400 மீட்டருக்கு ஏறணும், பின்னாடி பாரம் வேற. அந்த மாதிரி விடாம ஏறுற மேட்டுல டர்போவுக்கு முன்னாடி புகைச்சூடு 700 டிகிரியத் தாண்டி நின்னுச்சின்னா யோசிக்கணும், ஏன்னா பிஸ்டன் அலுமினியக் கலவை, சுத்த அலுமினியமே 660 டிகிரில உருகிடும், அடியில எண்ணெய் பீச்சிக் குளுத்துறதாலதான் அது தாக்குப்புடிக்குது. முறுக்கையும் பவரையும் அளக்குற டைனோ மெசின்ல பத்து செகண்டு ஓட்டி எடுத்த எண்ணு இதைச் சொல்லாது. எக்ஸாஸ்ட் டெம்பரேச்சருக்கு புகைச்சூடு சரியா இருக்கும், அதையும் இழையில சேத்துக்குங்க.

எதிர்ப்பு வரும்னு தெரிஞ்ச ரெண்டு விசயத்த நானே சொல்லிடுறேன். முதல்ல, தீபாவளி முறுக்கு. வரட்டும், சிரிச்சிட்டுப் போகட்டும், முறுக்குவிசையைப் படிக்கிற பசங்க பலகாரத்தால குழம்புனதா நான் கேள்விப்படல. ரெண்டாவது கொஞ்சம் கனமானது: டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினை ட்யூன் பண்ணா உச்ச முறுக்கு பெருசா ஏறாது, வால்வைத் தொறக்குற கேம் தண்டை மாத்தி, மேல வேகத்துல மூச்சு விட வச்சி, அங்கதான் பவர் எடுப்பாங்க. அதுக்கு முறுக்கேற்றம் முழுசாப் பொருந்தாது, ஒத்துக்கிறேன். அதுக்குத் தனி இழை போடுங்க, நம்ம தலைப்பு டீசல் டர்போ. ஒரே சொல்லுல உலகத்தையே அடக்கப் போயித்தான் திறன் மேம்பாட்டுல வந்து மாட்டிக்கிட்டோம்.

சென்னை அண்ணன் கடைசியா “எஸ்டேட் போர்மேன் கடையில ஓட்டெடுத்தா கலைச்சொல் ஆயிடுமா”ன்னு கேட்டிருந்தாரு. ஆயில் பாமுக்கு நீங்க எண்ணெய்ப் பனைன்னு எழுதுறீங்க, நாங்க செம்பனைன்னு சொல்றோம், எது நாக்குல ஒட்டுதுன்னு நீங்களே சொல்லிப் பாருங்க அண்ணே. இணையம்ங்கிற சொல்லையும் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி குடுத்ததாத்தான் சொல்லுவாங்க, அது இப்போ உங்க ஊர்ப் பத்திரிகையிலயும் இருக்கு.

பட்டியல்ல ஏத்துறவங்களுக்கு: முறுக்கேற்றம், அட்டவணை மாற்று, ஏய்ப்புப் பெட்டி, புகைச்சூடு, பழைய ட்யூன் அப்புக்கு சுருதி சேர்த்தல். ட்யூன் பண்றவருக்கு முறுக்கேற்றுநர்னு எழுதுனா நாக்கு சுளுக்கும், அதுக்கு மட்டும் எனக்கு ஒன்னும் தோணல, யாராச்சும் பாருங்க. ஏய்ப்புப் பெட்டி வேணாம்ங்கிறவங்க வேற ஒரு சொல்லையும் கையோட கொண்டாந்து போடுங்க.

பீடோர்லேந்து,
அன்புடன்