கசாயம்தானே என்று இருந்துவிட்டோம்

காவிரிக்கரை:
அப்பாவுக்கு 71 வயது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, அதில் ஒன்று நீர் பிரிய. பத்து வருடமாகத் தவறாமல் சாப்பிடுகிறார். போன மார்கழியில் பிடித்த வறட்டு இருமல் தை பிறந்தும் விடவில்லை. அம்மா அதிமதுரத்தை இடித்துக் கசாயம் போட்டு, காலையும் இரவும் ஒரு டம்ளர் கொடுத்தார். அது இனிப்பாக இருக்குமா, அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சட்டைப்பையில் ஒரு குச்சியைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகும்போதும் மென்றுகொண்டே போவார். இருமல் நின்ற பிறகும் கசாயம் நிற்கவில்லை.

ஆறாவது வாரம் ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. அப்புறம் ஒருநாள் மாடிப்படி இரண்டு ஏறுவதற்குள் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் 190/100. ரத்தத்தில் பொட்டாசியம் 2.6, குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?" என்று சேர்க்கும்போது கேட்டார்கள், இ.சி.ஜி. எடுக்கும்போது கேட்டார்கள், வார்டிலும் கேட்டார்கள். மூன்று தடவையும் நான்தான் "இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை. மாத்திரை எதுவும் இல்லையே.

மறுநாள் காலையில் வந்த சின்ன வயது டாக்டரம்மா, கட்டில் பக்கத்தில் இருந்த பிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "என்னம்மா இது, டீயா?" அம்மா பெருமையாகச் சொல்லச் சொல்ல, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதிமதுரத்துக்கு இனிப்பைத் தருவது கிளிசிரைசின். அது உடம்பில் சேரச் சேர, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுகிற வகை. இரண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? பிரஷர் தனியாக ஏறியது. கசாயத்தை நிறுத்தி, பொட்டாசியம் கொடுத்து, எல்லாம் பழைய நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

டிக்டிக்:
இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவன் நான் (அது டிக்டிக் என்று சத்தம் போடும், பெயர்க் காரணம் புரிந்திருக்கும்). ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் மாத்திரை, மாதாமாதம் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற கணக்கு) பார்த்து 2.5க்கும் 3.5க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். போன வருடம் யாரோ சொன்னார்கள் என்று முருங்கைக்கீரைப் பொடி வாங்கி, தினம் இரண்டு ஸ்பூன் சூப் வைத்துக் குடித்தேன். அந்த மாதம் 1.6. கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு நேர் எதிரி. டாக்டர் கீரையை விடச் சொல்லவில்லை. "திடீரென்று கூட்டாதீங்க, குறைக்காதீங்க, எப்பவும் ஒரே அளவு" என்றார். பொடியை மட்டும் தூக்கிப் போட்டேன்.

இரவுப்பணி:
நான் நர்ஸ். சர்க்கரை குறைந்து விடியற்காலையில் தூக்கிக்கொண்டு வருபவர்களில் சர்க்கரைக்கான சிறுகுறிஞ்சான் பொடியும் கிளிமிபிரைடு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டிக்கு 42 இருந்தது. நான் இப்போது "மாத்திரை" என்ற சொல்லையே எடுப்பதில்லை. பொடி, லேகியம், சூரணம், ஜூஸ், காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். அப்போதுதான் வாயிலிருந்து வரும். அதுவும் கூட வந்தவர் வெளியே போன பிறகு.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
என் பெரியவனுக்கு வலிப்பு. ஃபெனிடோயின் சாப்பிட்டு இரண்டு வருடம் ஒரு தடவைகூட வரவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறதே என்று ஞாபகசக்திக்குச் சங்குபுஷ்பி சிரப் வாங்கிக் கொடுத்தேன். மூன்றே வாரம். பள்ளிக்கூட வராந்தாவில் விழுந்துவிட்டான். ரத்தத்தில் மருந்தின் அளவு பாதிக்கும் கீழே. இந்த இரண்டும் சேர்ந்தால் அளவு இறங்கும் என்று பம்பாய் டாக்டர்கள் 1992லேயே எழுதிவிட்டார்கள் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். எனக்கு யார் சொல்ல? சிரப் புட்டியில் ஒரு வரி இல்லை.

சுக்குமிளகு:
நான் சித்த மருத்துவம் படித்தவன், அடிக்க வராதீர்கள். மூலிகைக்கு மகத்தான சக்தி உண்டு என்பவரே அடுத்த மூச்சில் பக்கவிளைவே கிடையாது என்கிறார். எப்படி? ஒன்று தெரியுமா, காசநோய்க்கு வழக்கமாக ரிஃபாம்பிசின் 450 மி.கி. கொடுப்பார்கள். 2009இல் நம் நாட்டில் வந்த ஒரு கூட்டு மருந்தில் 200 மி.கி. தான். மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் பைப்பரின் 10 மி.கி. சேர்த்ததால், மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறி, அது போதுமென்று ஆனது. அவர்கள் அளந்து சேர்த்தார்கள். வலிப்புக்கோ வேறெதற்கோ மாத்திரை எடுப்பவர் வீட்டில் திரிகடுகத்தை (சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடி) கணக்கில்லாமல் விழுங்கினால் எது எவ்வளவு ஏறும் என்று யாருக்குத் தெரியும்? ரசத்தில் போடும் மிளகைப் பற்றிச் சொல்லவில்லை, அது பாட்டுக்குப் போடுங்கள். என்னிடம் வருபவர்களை ஆங்கில மருந்துச் சீட்டோடுதான் வரச் சொல்கிறேன். பாதிப்பேர் கொண்டுவருவதில்லை; நான் கோபித்துக்கொள்வேனாம்!

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா சொன்ன மாதிரிதான் இப்போது செய்கிறோம். போன முறை செக்கப்புக்கு அம்மா ஒரு மஞ்சள் பையில் வீட்டில் இருந்ததையெல்லாம் கட்டிக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் கொட்டிவிட்டார். திரிபலா, ஓமத் திரவம், பெயர் ஒட்டாத இரண்டு டப்பா. டாக்டர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயரில்லாத இரண்டையும் மட்டும் தள்ளி வைத்தார். அதிமதுரம் வீட்டிலேயே இல்லை என்று அம்மா சத்தியம் செய்தார். நேற்றுத் துணி துவைக்கப் போட்டபோது அப்பாவின் சட்டைப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி.