மறுமொழி: ‘அன்கிளாசிஃபைடு’ சாலைக்கும் ‘டிராக்’குக்கும் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். அறுப்பு வேலையில் இரண்டு வாரம் மடல் பக்கமே வரவில்லை. யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலை வகைப் பெயர்களுக்கு நாம் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்தோமே, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

> ‘வகைப்படுத்தாத சாலை’ சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறதே, அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

தொல்லையே அதுதான். ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் பிரிட்டனில் தொடங்கியது. அங்கே சாலைகளுக்கு ஏ, பி என்று வகுப்பு உண்டு. எந்த வகுப்பிலும் சேராமல், ஊரையும் ஊரையும் சேர்க்கிற சின்னப் பொதுச் சாலைக்கு ‘அன்கிளாசிஃபைடு’ என்று பெயர். ஆக, அதுவும் ஒரு வகைதான். தமிழில் ‘வகைப்படுத்தாத’ என்று பார்க்கிற புது ஆள், என்னவென்று தெரியாத கோட்டையெல்லாம் அதில் கொட்டிவிடுகிறார். தெரியாததற்குத்தான் வெறும் ‘ரோடு’ என்று தனிக் குறிச்சொல் (கோடு எதைக் குறிக்கிறது என்று வரைபடத்தில் ஒட்டும் சொல்) இருக்கிறது.

இதைச் செய்தவர்களில் நானும் ஒருவன். செயற்கைக்கோள் படத்தில் நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் வெண்ணாற்றை ஒட்டி வெளுப்பாக ஒரு கோடு தெரிந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே இழுத்து ‘அன்கிளாசிஃபைடு’ என்று போட்டுவிட்டேன். அந்த ஐப்பசியில் என் சித்தப்பாவே கைப்பேசி காட்டிய வழியில் காரை விட்டு, களியில் அச்சு வரை இறக்கிவிட்டார். டிராக்டர் கட்டித்தான் இழுத்தோம். மதகுக் கட்டையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பெரியவரிடம், “இது ரோடு இல்லீங்களா?” என்றேன்.

“ரோடு ஏது தம்பி, கரை. தை, மாசியில நெல்லு லாரியே போவும். மழை விழுந்துட்டா மாடு போவாது.”

வயல், தோப்பு வழியே வண்டி போகிற பாதைக்குத்தான் ‘டிராக்’ என்று பெயர். அதைப் பற்றிய ஆங்கில விளக்கப் பக்கத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக அது எனக்கு விளங்கியதில்லை.

> அன்கிளாசிஃபைடு = இணைப்புச் சாலை

வேண்டாம். மேம்பாலத்திலிருந்து இறங்கும் துண்டுகளுக்கு ‘லிங்க்’ என்று தனி வகை இருக்கிறது, மோதும். ‘ஊராட்சிச் சாலை’யும் ஒத்துவராது. அது யாருடைய சாலை என்று சொல்கிறது. நமக்கு வேண்டியது அது என்ன வேலை செய்கிறது என்பது. மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை என்று நெடுஞ்சாலைத் துறை பிரிப்பதை அப்படியே ஒட்டினாலும் இதே சிக்கல்தான்.

என் பரிந்துரை ‘ஊரிடைச் சாலை’. வேதாரண்யம் பக்கம் கடலில் போய் முடிகிற சாலைக்கு எது இடை என்று ஒருவர் கேட்டிருந்தார். கடைசி ஊருக்கும் அதற்கு முந்தின ஊருக்கும் இடை, அவ்வளவுதான். ஊருக்குள் வீடுகளுக்கு நடுவே போனால் ‘தெரு’, அதில் யாருக்கும் சண்டை இல்லை.

‘டிராக்’குக்குத் ‘தடம்’ என்றால் பேருந்துத் தடம் எண்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘இட்டேரி’ அருமையான சொல், ஆனால் கொங்குச் சொல். வேலிக்கு நடுவே போகிற பாதை அது. எங்கள் பக்கம் வேலி ஏது, வரப்புதான். ‘வண்டிப்பாதை’ போதும். நில ஆவணங்களிலேயே ‘வண்டிப்பாதை’ என்று எழுதியிருக்கும், புதிதாக உருவாக்கவே தேவையில்லை. பெரியவர் சொன்ன கரையும் வண்டிப்பாதையே. மேட்டில் போகிறது என்பதைத் தனிக் குறிச்சொல்லாகச் சேர்த்தால் சரி.

> பராமரிக்காத தார் ரோட்டையும் வண்டிப்பாதையில் சேர்த்துவிடலாமா?

கூடாது. தார் பெயர்ந்து கப்பி தெரிந்தாலும் மினி பஸ் அதில்தான் வருகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அதில்தான். அது ஊரிடைச் சாலையே. குண்டும் குழியும், சாலை எவ்வளவு சமமாக இருக்கிறது என்று சொல்லும் ‘ஸ்மூத்னெஸ்’ என்ற குறிச்சொல்லில் போகட்டும். சாலை கெட்டுவிட்டதால் அதன் வகையையும் இறக்குவது, உடம்பு சரியில்லாதவரின் பெயரை மாற்றுகிற மாதிரி.

உண்மையிலேயே விட்டுப்போன பாதைகளுக்கு ‘டிஸ்யூஸ்டு’, ‘அபாண்டண்டு’ என்று இரண்டு முன்னொட்டுகள் உண்டு. முதலாவது, ஆள் போகாவிட்டாலும் நினைத்தால் திரும்பப் போகலாம். இரண்டாவது, காட்டாமணக்கும் கருவையும் மண்டி உருவே போய்விட்டது. ‘கைவிடப்பட்ட’ என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறோம். முதலாவதற்குப் ‘புழங்காத பாதை’, இரண்டாவதற்குத் ‘தூர்ந்த பாதை’ என்கிறேன். தூர்ந்த வாய்க்கால் என்றால் டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாதைக்கு அதை யாரும் சொல்வதில்லை என்பது உண்மைதான், ஆனால் கேட்டவுடன் புரிகிறது.

அப்புறம் ஒன்று. வண்டிப்பாதையின் ‘கிரேடு 1’ முதல் ‘கிரேடு 5’ வரை இப்போது ‘தரம்’ என்று இருக்கிறது. அது பாதை நல்லதா கெட்டதா என்று சொல்வதல்ல, தரை எவ்வளவு கெட்டி என்பது. ஐந்து என்றால் கால் புதைகிற மண். ‘தரம் 5’ என்றதும் அதுதான் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘கெட்டி 1’, ‘கெட்டி 5’ என்று வைத்தாலும் எண் தலைகீழாகத்தான் படுகிறது. இதற்கு என்னிடம் சொல் இல்லை. யாராவது யோசித்துச் சொல்லுங்கள். மற்ற நான்கையும் ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்பில் ஏற்றிவிடுகிறேன், மறுப்பிருந்தால் அதற்குள் எழுதவும்.