ரிமோட் கார் ரேஸ்: இரண்டாவது கிளாஸ் (பந்தயப் பிரிவு) எது எடுத்தீர்கள்? நடந்ததை எழுதுங்கள்

மெரெபேங்க் தூசி:

நான் ஓட்டுவது 1/10 அளவு டூ வீல் டிரைவ் பகி (மண் பாதையில் ஓடும் ரிமோட் கார், பின் சக்கரம் மட்டும் இழுப்பது), 17.5 டர்ன் மோட்டார். கார் கைக்கு வந்துவிட்டது, இன்னொரு கிளாஸிலும் பெயர் கொடுக்கலாம் என்று அரிப்பு. கடையில் கேட்டால் அலமாரியில் எது தூங்குகிறதோ அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதனால் இங்கே.

போன ரேஸ் முடிந்து எல்லாரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசை அண்ணன், "பாட்டரியில கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஓட்டிப் பாரு" என்று தன் ஃபோர் வீல் டிரைவ் பகியின் ரிமோட்டை நீட்டினார். காலையில் தண்ணீர் அடித்த மண் சாயங்காலத்துக்குள் வெளுத்து, மேலே மாவாகத் தூசி. ஸ்ட்ரெய்ட்டுக்கு முந்தைய அந்த இடது திருப்பம் உங்களுக்குத் தெரியும். என் காரில் அங்கே த்ராட்டிலை, அதாவது ரிமோட்டின் வேக விசையை, ஒரு மயிரிழை கூடுதலாக இழுத்தாலும் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்துவிடும். அண்ணன் காரில் திருப்பத்தின் பாதியிலேயே முழுசாக இழுத்தேன். முன் சக்கரங்கள் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக வெளியே வந்தது. ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன்.

அது ஒன்றுதான். அதற்கப்புறம் என் காரை அந்தத் திருப்பத்துக்குள் விடும்போதெல்லாம் விரல் தயங்குகிறது. ஃபோர் வீல் எடுத்தால் டூ வீலில் படித்த த்ராட்டில் கட்டுப்பாடு எல்லாம் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். எடுத்தவர்கள் சொல்லுங்கள்.

என்3 நைட்ரோ:

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து. 1/8 நைட்ரோ பகி, எரிபொருள் எஞ்சினில் ஓடுவது. தம்பி, நீ கேட்டதற்கு இது நேரான பதில் இல்லை, ஆனால் இதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்.

உங்கள் டர்பனில் ரேஸ். நாங்கள் இருப்பது 1,600, 1,700 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் உங்கள் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். காற்று குறைவு என்றால் எரிபொருளும் குறைவாகப் போகவேண்டும், அதனால் எரிபொருளை அளந்து விடும் நீடில் திருகை உள்ளே திருகி வைத்திருப்போம். டர்பனுக்கு வரும் வழியில் வான் ரீனன் கணவாய் இறங்கி வந்தால் முதல் வேலை அதைத் திறப்பது. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் திறக்கவில்லை.

பிராக்டிஸில் என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறான். அவன் கார் ஸ்ட்ரெய்ட்டில் போகிறது, பின்னால் புகையே இல்லை. த்ராட்டிலை விட்ட பிறகும் சத்தம் இறங்க மாட்டேன் என்கிறது. "தம்பி, லீனா ஓடுது, உள்ள கொண்டு வா" என்றேன். கண்ணைக் காரிலிருந்து எடுக்காமல், "அங்கிள், இது இவ்வளவு நல்லா ஓடினதே இல்ல!" என்றான். உண்மைதான். லீனாகிப்போன, அதாவது எரிபொருள் போதாமல் ஓடுகிற எஞ்சின் சாவதற்கு முன்னால் அப்படித்தான் பறக்கும். அடுத்த சுற்றில் சத்தம் அறுந்தது. மேசையில் வைத்து ஃப்ளைவீலைக் கையால் சுற்றினால் பிடிப்பே இல்லை. பிஸ்டனும் ஸ்லீவும் போச்சு.

மேடையில் இன்னொருவன் ரிமோட்டில் கை வைக்கக்கூடாது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவன் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷம் இன்னும் என்னை விடவில்லை.

இதைப் படித்துவிட்டு நைட்ரோ வேண்டாம் என்று முடிவு கட்டாதே. 3.5 சிசி எஞ்சின், 125 சிசி டேங்க், எட்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிட்டுக்குள் வந்து போகவேண்டும், மச்சான் ஃபியூல் ஊற்றுவார். உலகச் சாம்பியன்ஷிப்பில் ஃபைனல் ஒரு மணி நேரம் ஓடும். ஐந்து நிமிட எலெக்ட்ரிக் ஹீட் (ஒரு குழு ஓட்டும் ஆட்டம்) எனக்கு ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

சாட்ஸ்வர்த் 4எஸ்:

அண்ணா, நைட்ரோ வாங்காதே என்பதற்கு இதைவிட நல்ல கதையை யாரும் சொல்ல முடியாது. இ-பகி என்று ஒன்று இருக்கிறது, 1/8 எலெக்ட்ரிக் பகி. ஏறக்குறைய அதே சேஸிஸ், அதே மூன்று டிஃப் (டிஃபரன்ஷியல்), அதே டயர். எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டாரும் ஃபோர் எஸ் லைபோவும், அதாவது நாலு செல் லித்தியம் பாட்டரியும். மலை ஏறினாலும் இறங்கினாலும் திருக ஒன்றும் இல்லை. உங்களுக்கு மச்சான் இருக்கிறார், சரி. மச்சான் கல்யாண வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை யார் ஊற்றுவது?

நான் டூ வீலும் இ-பகியும் ஓட்டுகிறேன். ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். மூன்றாவது ஹீட் ஓட்டினேன், நான்காவதுக்கு மார்ஷல், கவிழ்ந்த கார்களை நிமிர்த்தும் வேலை. ஆரஞ்சு ஜாக்கெட்டோடு டபுள் ஜம்ப் ஓரத்தில் நிற்கிறேன். ஒலிபெருக்கியில் ஐந்தாவது ஹீட் பெயர்களை வாசிக்கிறார்கள், என் பெயர் வருகிறது. மண் காய்ந்துவிட்டதே என்று டயர் மாற்ற ஆரம்பித்த இ-பகி மேசையில் மூன்று சக்கரத்தோடு உட்கார்ந்திருக்கிறது. நான் நிற்கும் இடத்திலிருந்து அந்தத் தங்க நிற நட் பளபளப்பது தெரிகிறது. காலடியில் எவனோ கவிழ்ந்து கிடக்கிறான். நிமிர்த்தி வைத்தேன். அடுத்தவன் கவிழ்ந்தான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எந்தக் கார் என்பதற்கு முன்னால் உங்கள் கிளப்பின் ஹீட் தாளைப் பாருங்கள். ஓட்டியவர்தான் அடுத்த ஹீட்டுக்கு மார்ஷல். இரண்டு கிளாஸும் அடுத்தடுத்து விழுந்தால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஒன்றை முன்னாலும் ஒன்றைக் கடைசியிலும் போடச்சொல்லி ரேஸ் டைரக்டரிடம் தாள் அடிப்பதற்கு முன்பே கேளுங்கள், அடித்த பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பாட்டரி ஒரு கிளாஸுக்கு இரண்டு வேண்டும். 1சி வேகத்தில் (பாட்டரியின் கொள்ளளவுக்குச் சமமான கரண்டில்) ஒரு லைபோ நிறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், அதனால் இரட்டை சார்ஜர் கட்டாயம். கிளப்பின் கரண்டை மட்டும் நம்பாதீர்கள். 12 வோல்ட்டிலும் ஓடுகிற சார்ஜர் வாங்கினால் நீங்கள் வந்த பெரிய காரின் பாட்டரியிலிருந்து இழுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் லைபோவைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் இறக்கி வையுங்கள். நம் ஊர் டிசம்பர் வெயிலில், கராஜில், 4.2இல் நிறைத்துப் போட்டால் உப்பிவிடும். சக்கரம் மாட்டும் ஹெக்ஸ் 1/10க்கு 12 மிமீ, 1/8க்கு 17 மிமீ, ஆகவே கருவிப் பெட்டியும் இரண்டு. செலவுதான் கவலை என்றால் 1/10 ஃபோர் வீல் எடுங்கள். உங்களிடம் இருக்கும் எல்லாமே அதற்குப் பொருந்தும்.

மாரிட்ஸ்பர்க் அம்மா:

நான் ஓட்டுவதில்லை, ஓட்டுகிறவனை ஏற்றி இறக்குகிறேன். எல்லாரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த கிளாஸில் எதிரே ஓட்ட எத்தனை பேர் வருவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மகன் ஸ்டேடியம் டிரக் எடுத்தான். யோசித்துத்தான் எடுத்தான். டூ வீல் பகியின் கியர்பாக்ஸ்தான், சக்கரத்தைத் தாங்கும் கை நீளம், சக்கரம் பெரிது, குழி விழுந்த பாதையில் பகியைவிட நிதானமாகப் போகும். முதலில் ஆள் இருந்தார்கள். ஒருவர் ஷார்ட் கோர்ஸ் டிரக் கிளாஸுக்குப் போனார், ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றிலும் இறைச்சி சுடும் பிராய் புகை, நாங்கள் தயிர்சாத டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறோம். டிரக்குக்குப் பெயர் கொடுத்தது இவனும் ஒரு தாத்தாவும். பகிகளோடு சேர்த்து ஓடவிட்டார்கள். பாதியில் தாத்தாவின் காரில் ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ நின்றுவிட்டது. கடைசியில் இவனைக் கூப்பிட்டு முதல் பரிசு கொடுத்தார்கள். கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து, "அம்மா, நான் யாரை ஜெயிச்சேன்?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான்.

தம்பி, உங்கள் கிளப்பில் மழைக்கால ஞாயிற்றுக்கிழமையிலும் ஆள் வருகிற கிளாஸ் எதுவோ அதை எடுங்கள்.

மிட்ராண்ட் கோவைக்காரன்:

4எஸ் அண்ணன் சொன்ன "எல்லாமே பொருந்தும்" பாதிதான் சரி. ரிமோட், சார்ஜர், பாட்டரி, பின் டயர், சரி. முன் டயர் வேறு. டூ வீலுக்கு ஒல்லியாக வரி போட்டது, ஃபோர் வீலுக்கு அகலம். மோட்டாருக்கு வரம்பு வைத்த ஸ்டாக் கிளாஸில் டூ வீலுக்கு 17.5 என்றால் ஃபோர் வீலுக்குப் பெரும்பாலும் 13.5, ஆக மோட்டாரும் புதுசு. முன்னாலும் ஒரு டிஃப், கூடுதல் பேரிங், நடுவில் ஷாஃப்ட்டோ பெல்ட்டோ. ஞாயிறு ராத்திரி துடைக்கிற வேலை இரட்டிப்பு.

நான் எடுத்தது ஷார்ட் கோர்ஸ் டிரக். ஆகஸ்ட் மாதம், இங்கே காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். டேபிள்டாப் என்கிற தட்டை மேட்டு ஜம்ப்பில் ஏறி முழு வேகத்தில் பறந்தேன். எதிர்க்காற்று அந்தப் பெரிய பாடிக்கு அடியில் புகுந்துகொண்டது. மூக்கு மேலே, மேலே, இன்னும் மேலே. மேடையில் நின்ற எனக்குக் கூரையில் ஒட்டிய நம்பர் நேராகப் படிக்கத் தெரிகிறது. காற்றில் பிரேக் பிடித்தால் மூக்கு இறங்கும் என்பது பகிக்குச் சரி, இது கேட்கவே இல்லை. வாலில் இறங்கி, மல்லாந்து, பாடி தனியாகக் கழன்று வேலிக்குப் போனது. அதற்கப்புறம் பாடியில் ஓட்டை வெட்டினேன், கொஞ்சம் தேவலை. ஆனாலும் எதிர்க்காற்றில் அந்த ஜம்ப்புக்கு இன்றைக்கும் முழுசாக இழுப்பதில்லை. விற்கவும் மனசில்லை. இடித்துக்கொண்டு ஓட்டுவதற்கு அதைவிட நல்ல கிளாஸ் கிடையாது.

மெரெபேங்க் தூசி:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டுப் பழைய ரேஸ் தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஃபோர் வீலுக்கு எப்போதும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் டூ வீலுக்கு அடுத்த ஹீட்டே அதுதான். டைரக்டரிடம் கேட்டாகவேண்டும். விரல் கெட்டுப்போகுமா என்பதற்கு மட்டும் இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சாட்ஸ்வர்த் 4எஸ்:

கெடாது. காலையில் முதலில் டூ வீலை ஓட்டுங்கள், அப்புறம் மற்றது. வரிசையை மாற்றி ஓட்டினால் முதல் இரண்டு சுற்றும் டூ வீல் சுற்றிக்கொண்டு பின்னோக்கித்தான் நிற்கும்.

என்3 நைட்ரோ:

4எஸ், மச்சான் கல்யாணத்துக்குப் போனால் என் மகள் ஊற்றுவாள். மச்சானைவிட அவள் கை வேகம். அப்புறம், 2023இல் லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது நீங்கள் எல்லாரும் ஜெனரேட்டர் வைத்துத்தானே சார்ஜ் போட்டீர்கள்? அந்த ஜெனரேட்டர் எதில் ஓடியது? பெட்ரோலில்தானே? எஞ்சின் சத்தம் பிடிக்காதவர்கள் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

மாரிட்ஸ்பர்க் அம்மா:

சண்டை முடிந்தால் ஒரு விஷயம். மகனின் ஸ்டேடியம் டிரக் விற்பனைக்கு இருக்கிறது. ஷாக் ஆயில் புதுசு, முன் கை ஒன்று மாற்றியது, டயர் இரண்டு செட். ஓட்டாவிட்டாலும் டூ வீல் பகிக்கு உதிரியாகும். எவ்வளவு பொருந்தும் என்று கோவைக்காரர் வந்து கணக்குப் பார்ப்பதற்குள் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.