பலகை நடும் பக்கத்து வீட்டுக்காரர்

ஹூஸ்டன்வாசி:
என் பக்கத்து வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டிய ஆண், தன் கணவரோடு வாழ்கிறார். தேர்தல் வந்தால் அவர் வீட்டுப் புல்தரையில் குடியரசுக் கட்சிப் பலகைதான் நிற்கும். வரியைக் குறை, என் வீட்டுக்குள் அரசாங்கம் மூக்கை நுழைக்காதே. அவருக்குக் கட்சி என்றால் அவ்வளவுதான். தன்பாலீர்ப்பாளர்களுக்காக அந்தக் கட்சிக்காரர்கள் நடத்தும் லாக் கேபின் அமைப்பிலும் உறுப்பினர்.

2022 ஜூனில் டெக்சாஸ் மாநிலக் குடியரசுக் கட்சி மாநாடு இங்கே ஹூஸ்டனில்தான் நடந்தது. லாக் கேபினுக்கு ஸ்டால் போட இடம் கொடுக்கவில்லை. ட்ரம்பின் மூத்த மகனே அதைக் கண்டித்தார். மாநாட்டில் வந்த கொள்கை அறிக்கையோ தன்பாலீர்ப்பை ‘இயல்புக்கு மாறான வாழ்க்கைத் தேர்வு’ என்றது. நம்ம ஊராக இருந்தால் அன்றைக்கே கரை வேட்டியை மாற்றியிருப்பார்கள். இவர் அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து, அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, வரிக் கொள்கைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “மீதியெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?”

இதைவிட மோசமானதைப் பார்த்துவிட்டாராம். 2000-இல் பிலடெல்பியா தேசிய மாநாட்டில் அரிசோனா எம்.பி. ஜிம் கோல்பி மேடையேறினார். பேசியது வணிகத்தைப் பற்றி மட்டும். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவே டெக்சாஸ் பிரதிநிதிகள் சிலர் தொப்பியைக் கழற்றி, தலைகுனிந்து ஜெபம் செய்தார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த இவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாராம்.

வர்ஜீனியா நண்பன்:
என்னோடு வேலை பார்க்கும் பையனுக்கு நேர்மாறான தலைவலி. அவனும் தன்பாலீர்ப்பாளன், அதே கட்சிக்காரன். கட்சிக் கூட்டத்தில் அதை மறைப்பதில்லை, ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் டேட்டிங் ஆப்பில் எந்தக் கட்சி என்பதை மறைத்துவிடுவான். சொன்னால் அடுத்த மெசேஜே வராதாம். 2024 தேசியக் கொள்கை அறிக்கையில், திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான் என்ற பழைய வரி இல்லை. ‘பார்த்தீர்களா, உள்ளே இருந்ததால்தான் நடந்தது’ என்பான். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எடுத்த வரியைத் திரும்பச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஹூஸ்டன்வாசி:
என் பக்கத்து வீட்டுக்காரரும் உன் நண்பனைப் போல, உள்ளே இருந்தால்தான் மாறும் என்றுதான் சொல்வார். 2022 கடைசியில் தன்பாலினத் திருமணத்தைப் பாதுகாக்கும் சட்டத்துக்குக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் 12 பேர் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். டெக்சாஸ் செனட்டர்கள் இருவரும் எதிர்த்தார்கள். அதில் ஒருவரான டெட் க்ரூஸ் 2024-இல் மறுபடி நின்றபோது இவர் ஓட்டு யாருக்கு என்று கேட்டேன். க்ரூஸுக்குத்தானாம். இவருடைய கணவர் யாருக்குப் போட்டார் என்று கேட்டதற்கு, “அதை மட்டும் வீட்டில் பேசுவதில்லை” என்றார்.