திருமுறைப் போட்டியில் தனியாகப் பாடும் பிள்ளையை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: ஒரு தாயார், சுங்கை சிப்புட்

வணக்கம். நான்காம் ஆண்டில் படிக்கும் என் மகள் தோட்டத்துக் கோயிலில் நடக்கும் தேவார வகுப்புக்குப் போகிறாள். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவில், வட்டார நிலையில் தனியாகப் பாட அவளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். பாடல், சம்பந்தரின் ‘தோடுடைய செவியன்’. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓதும்போது அவள் குரல் தெளிவாக இருக்கிறது. தனியே நிறுத்தினால் இரண்டாம் அடிக்குள் மூச்சு வாங்குகிறது, வேகமும் கூடிவிடுகிறது. அதட்டிப் பழக்க எனக்கு மனமில்லை. வீட்டில் நான் என்ன செய்யலாம்?

பதில்: தேவார ஆசிரியை, தைப்பிங்

சகோதரி, மூச்சுக் குறைவைவிட, மூச்சு எடுக்கும் இடம் பிசகுவதே காரணமாக இருக்கலாம். சில நூல்களில் சந்தத்துக்கேற்பச் சீர் பிரித்து, ‘தோடுடையசெவி யன்விடையேறியோர்’ என்றும் ‘காடுடையசுட லைப்பொடிபூசி’ என்றும் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மனப்பாடம் செய்யும் பிள்ளை அந்த இடைவெளியிலேயே மூச்சை விட்டுவிடும். கூட்டாகப் பாடும்போது மற்றவர் குரல் அதை மூடிக்கொள்வதால், குறை தனியே பாடும்போதுதான் தெரியவரும். பாடலைப் பொருளுக்கேற்பப் பிரித்து ஒரு தாளில் எழுதி, ‘தூவெண் மதிசூடி’ என்பதற்குப் பின் மூச்சுக்குக் குறியிட்டுக் கொடுங்கள். தோடணிந்த காது அம்மையின் பாகம் என்பதையும், விடை என்பது காளை என்பதையும், சுடலைப் பொடி என்பது சாம்பல் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுங்கள். என் வகுப்பில் பிள்ளைகளின் வேகத்தைக் குறைக்க இதைப்போல் உதவியது வேறில்லை.

பதில்: வாய்ப்பாட்டு ஆசிரியர், ஈப்போ

அம்மா, சுருதியையும் கவனியுங்கள். இந்தப் பாடலுக்குரிய நட்டபாடைப் பண்ணைப் பெரும்பாலும் கம்பீரநாட்டை இராகத்தில் ஓதுகிறார்கள். அந்த இராகத்தில் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) இல்லாததால், ஸட்ஜமத்திலிருந்து (ஸ) காந்தாரத்துக்கும் (க) பஞ்சமத்திலிருந்து (ப) நிஷாதத்துக்கும் (நி) குரல் தாவவேண்டியிருக்கிறது. ஐந்து கட்டை என்னும் சுருதி உயரத்தில் பழகிய பிள்ளை பதற்றத்தில் சுருதியைக் கேளாமல் உயரத் தொடங்கிவிட்டால், மேல் ஸட்ஜமத்தை எட்டும்போது தொண்டை இறுகும். அதைச் சமாளிக்கவே பாட்டு ஓடத் தொடங்கும். அவளுக்குரிய கட்டையை ஆசிரியரிடம் கேட்டு எழுதிவைத்து, நாள்தோறும் சுருதிப் பெட்டியோடு ஸ, ப, மேல் ஸ மூன்றையும் நிதானமாகச் சேர்த்த பிறகே பாடலைத் தொடங்கச் சொல்லுங்கள். மேடையிலும் அவள் அதையே செய்யட்டும். பத்து விநாடி மௌனமாக நின்று சுருதியைக் கேட்பது தவறே அன்று.

பதில்: ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயிலில் தனியாக ஓத வாய்ப்புக் கேளுங்கள். எங்கள் மகனுக்கு வீட்டுப் பயிற்சியைவிட அதுவே கூச்சத்தைப் போக்கியது. ஆனால் ஓதி முடித்த உடனே யாரும் குறை சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: மூவருக்கும் நன்றி. அவளுடைய நூலிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. இரண்டாம் அடியில் மூச்சை எங்கே எடுப்பது?

தேவார ஆசிரியை: ‘பொடிபூசி’ என்றதும் எடுக்கலாம். ‘என் உள்ளங்கவர் கள்வன்’ ஒரே மூச்சில் வரவேண்டும்.