சோதனை முடிந்த பின்னும் தரவுத்தளத்தில் தங்கிவிடும் பதிவுகள்

கேள்வி:
பைத்தான் நிரல்களைச் சோதிக்கும் பைடெஸ்ட்டும், தரவுத்தளமாகப் போஸ்ட்கிரெஸும் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு சோதனைக்கும் வேண்டிய பயனரையும் ஆர்டர்களையும் ஒரே ஃபிக்ஸ்சர் (சோதனைக்கு முன் தயாரிப்பையும் பின் துப்புரவையும் செய்யும் செயற்கூறு) உருவாக்குகிறது. அதில் யீல்டுக்குப் பின் உள்ள, அதாவது சோதனை முடிந்ததும் ஓட வேண்டிய வரிகள் அவற்றை அழிக்கின்றன. தனியாக ஓட்டினால் தேறும் சோதனை, முழுத் தொகுப்போடு ஓட்டும்போது 3 ஆர்டர்களுக்குப் பதிலாகச் சில நாள் 4, சில நாள் 7 என்று காட்டித் தோற்கிறது. அட்டவணையைத் திறந்தால் நேற்றைய பதிவுகள் அப்படியே கிடக்கின்றன. அழிக்கும் வரிகள் இருந்தும் ஏன் இப்படி ஆகிறது?

மறுமொழி 1:
அந்த வரிகள் எப்போதும் ஓடும் என்று நம்புவதில்தான் சிக்கல். பயனரை உருவாக்கிய பிறகு, யீல்டை எட்டும் முன்பே ஆர்டரில் பிழை எழுந்தால், அந்த ஃபிக்ஸ்சரின் பின்பகுதி ஓடவே ஓடாது; பயனர் மட்டும் தங்கிவிடுவார். பயனருக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று எனப் பிரித்து எழுதினால், பின்னது தோற்றாலும் முன்னதன் துப்புரவு நடந்துவிடும். ஆனால் நேரம் கடந்ததென்று, சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வர் செயல்முறையையே கொன்றுவிட்டால் இதுவும் உதவாது. ஆகவே ஓட்டத்தின் முடிவில் அழிப்பதை நம்பாமல், தொடக்கத்திலேயே அழித்துவிடுங்கள். தோற்ற சோதனையின் பதிவுகள் ஆராய்வதற்கு மிஞ்சும் என்பதும் ஒரு நன்மை.

மறுமொழி 2:
ஒவ்வொரு சோதனையையும், மாற்றங்களை மொத்தமாக ஏற்கவோ கைவிடவோ கூடிய ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டி, முடிவில் ரோல்பேக் செய்வதே (அவற்றைக் கைவிடுவதே) என் பரிந்துரை. செயல்முறை இடையில் இறந்தாலும், கமிட் ஆகாத (உறுதியாக்கப்படாத) எதுவும் நிலைக்காது. பைத்தான் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் வகுப்பு இப்படித்தான் இயங்குகிறது. ஐடிகளை வரிசையாக வழங்கும் சீக்வென்ஸ் எண்கள் மட்டும் பின்வாங்காது என்பதால், ஐடி 1 ஆகத்தான் இருக்கும் என்று எந்தச் சோதனையிலும் எழுதாதீர்கள்.

கேட்டவர்:
ரோல்பேக் முறைக்கு மாற்றியதும் பெரும்பாலானவை சரியாகிவிட்டன, நன்றி. பிரவுசர் வழியாக ஓடும் சோதனைகளில் மட்டும், நான் சேர்த்த பயனர் சர்வருக்குத் தெரிவதில்லை.

மறுமொழி 3:
சர்வர் வேறொரு இணைப்பில் இருக்கிறது. கமிட் ஆகாததை அதனால் பார்க்க முடியாது. அந்தச் சோதனைகளுக்கு மட்டும் கமிட் செய்துவிட்டு, ஒவ்வொன்றும் தொடங்கும் முன் அட்டவணைகளை டிரங்கேட் செய்யுங்கள் (முழுதும் காலி செய்யுங்கள்). அக்கட்டளையில் கேஸ்கேட் சேர்த்தால், அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஃபாரின் கீ தடுக்காது. தரவுத்தளத்தின் பெயர் டெஸ்ட் என்று முடிகிறதா எனச் சரிபார்த்து, இல்லையேல் உடனே நிறுத்தும் ஒரு வரியை அதற்கு மேலே கட்டாயம் எழுதுங்கள். தவறான இணைப்பில் இக்கட்டளை ஓடினால் மீட்பதற்கு பேக்கப் மட்டுமே வழி. பைடெஸ்ட்டின் எக்ஸ்டிஸ்ட் செருகுநிரல் கொண்டு இணையாக ஓட்டுவதானால் ஒவ்வொரு வொர்க்கருக்கும் (இணையாக ஓடும் செயல்முறைக்கும்) தனித் தரவுத்தளம் வேண்டும்; இல்லாவிட்டால் ஒன்று சேர்த்ததை மற்றொன்று அழித்துவிடும். 3 என்ற எண்ணிக்கையையும், அச்சோதனை உருவாக்கிய பயனரின் ஆர்டர்களுக்குள் மட்டும் பாருங்கள்.